மின்னல் பாப்பாவின் சொந்தக்காரர்

விருதுநகரில் புது போன் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அஷ்ஃபாக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர், ஏன்தான் கேட்டோமோ என்று நொந்துகொண்டு போவார்கள். இந்த போன் நல்லது, வாங்கிக்கோ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்ப அவனுக்கு வராது. பின்மூடியைத் திறந்து பேட்டரியை மாற்ற முடியாத போனை விற்கிறவன் அதை விற்கவில்லை, வாடகைக்குத்தான் கொடுக்கிறான் என்று ஆரம்பிப்பான். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்கு ஆயுசு குறையும், இருபதுக்குக் கீழே இறங்கவிட்டால் அதைவிடக் குறையும் என்பான். கேட்க வந்த ஆள் டீயைக் குடித்து முடித்து கிளாஸையும் கொடுத்துவிட்டு நிற்பார். இவன் இன்னும் கேமராவுக்கே வந்திருக்க மாட்டான்.

இத்தனை அறிவும் அவனுக்குப் பயத்திலிருந்து வந்தது. ஒரு ஆப்பைப் போடும்போது 'சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானுக்கு மேலே பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக வருகிறதே, அதை முழுக்கப் படிக்கிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் அவனாகத்தான் இருக்கும். படித்துவிட்டு நிம்மதியாக இருப்பானா என்றால் அதுவும் கிடையாது. மைக்கை எதற்குக் கேட்கிறான், போட்டோவை எதற்குக் கேட்கிறான் என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். பஜாரில் பருப்பு கமிஷன் கடை வைத்திருக்கும் அவனுடைய அத்தா முகம்மது நூகு இன்னமும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். "போனுக்குச் சளி பிடிச்சா எம் மகனுக்குக் காய்ச்சல் வருது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பயத்தை உள்ளே வைத்துப் புழுங்க முடியாமல்தான் 'அஷ்ஃபாக் சொன்னா' என்று ஒரு சேனல் ஆரம்பித்தான். அதில் போன், டேப்லெட், கேம் என்று எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னான். காசு கொடுத்து வாங்கிய கேமை கம்பெனி நினைத்த நேரத்தில் மூடிவிட்டுப் போகிறானே, அதைக் கேட்க நாதியில்லையா என்று ஒரு வாரம் கத்துவான். துப்பாக்கி கேமில் சட்டை மாற்றுவதற்குக் காசு கட்டுகிற பையன்களைத் திட்டி அடுத்த வாரம் கத்துவான். அதைவிட அதிகமாக அவன் தொண்டை வறண்டது திருட்டு கேமுக்கு எதிராக. காசு கட்டாமல் விளையாடும்படி உடைத்து வைத்த கேம்களை இறக்கித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் முகத்துக்கு நேராக முடியாது என்பான். ஒருத்தன் உட்கார்ந்து வரைந்த படத்தை, எழுதிய பாட்டை, கட்டிய கேமை, அவனைக் கேட்காமல் எடுப்பது பையில் கைவிட்டு எடுப்பதுதான் என்று அவன் சொல்லாத வீடியோ இல்லை. அவனுடைய பழைய வீடியோ ஒன்றை வேறொருத்தன் வெட்டித் தன் சேனலில் போட்டபோது விடாமல் புகார் கொடுத்து அதை எடுக்க வைத்தான். அந்த வீடியோவில் அவன் மகள் ஹஸ்னா டேப்லெட் பெட்டியைப் பிரித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவனுடைய வீட்டுச் சொத்து என்று அன்றைக்கு நினைத்தான்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் படைத்தவன் பிழைப்பைக் கொடுத்த இடத்தைப் பாருங்கள். சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் டிசைனர். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடுகிற வேலை.

லேபிள் வேலை எப்படி நடக்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி வந்து, எனக்குப் புலி வேண்டும், சினிமா நடிகர் மாதிரி ஒருத்தன் வேண்டும், பிள்ளைகள் டிவியில் பார்க்கிற பொம்மை வேண்டும் என்பார். டிசைனர் நெட்டிலிருந்து ஒன்றை இறக்குவார். இடது பக்கம் பார்க்கிற முகத்தை வலது பக்கம் திருப்புவார், சட்டையின் கலரை மாற்றுவார், மீசை இல்லாதவனுக்கு மீசை வைப்பார். அவ்வளவுதான், அது புதுப் படம். நம் லேபிள் நன்றாக ஓடினால் பக்கத்துத் தெரு அச்சாபீஸ்காரர் கடையில் ஒரு பெட்டி வாங்கி, ஸ்கேன் போட்டு, அதையே இன்னொரு தரம் திருப்புவார். யாரும் யார்மேலும் கோபப்படுவதில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். அஷ்ஃபாக் மட்டும் தினமும் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

இந்த வருஷம் அந்த வயிற்றுவலிக்கு ஒரு வைத்தியம் செய்யப் பார்த்தான். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு கம்பெனி ஒன்று புதுசாகக் கம்பி மத்தாப்பு போடப்போகிறது, அதற்கு கேமில் வருகிற மாதிரி ஒரு பொண்ணு படம் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. அச்சாபீஸ் முதலாளி அன்பரசன் நல்ல மனுஷர், எதற்கும் பதற்றப்பட மாட்டார்.

"நெட்ல ஒண்ணப் பிடிச்சு மூஞ்சியத் திருப்பிப் போட்டுரு தம்பி. சீசன் நெருங்குது" என்றார்.

"அண்ணாச்சி, நானே வரைஞ்சிரட்டுமா?"

"வரையேன். எனக்கு என்னைக்கு வேணுமோ அன்னைக்குக் குடுத்துரணும், அம்புட்டுத்தான்."

வீட்டில் ஹஸ்னா மூன்றாம் வகுப்பு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் தன்னுடைய பெரிய ஹெட்போனை மாட்டினான். கையில் ஒரு ஸ்கேலைக் கொடுத்து, அது மத்தாப்பு என்று நினைத்துக்கொள் என்றான். அவள் கண்ணைப் பெரிதாக்கிச் சிரித்தாள். போட்டோ எடுத்து, அதன்மேல் டேப்லெட்டில் கோடு கோடாக வரைந்தான். சடையை மின்னல் மாதிரி வளைத்தான், சட்டைக்கு ஊதா கொடுத்தான், கண்ணை மட்டும் தொடவில்லை. பேர் வைத்தது ஹஸ்னாதான். மின்னல் பாப்பா. யாரிடமும் சொல்லாதே, இது நமக்குள் இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னான். மனைவி சுமைராவிடமும் அவன் சொல்லவில்லை. ஆயிரம் பக்கம் படித்துவிட்டுச் சம்மதிக்கிறவன், வீட்டில் ஒரு சம்மதம் வாங்க வேண்டியிருந்ததை மறந்துவிட்டான்.

ஆடிப்பெருக்கு அன்று பட்டாசு கம்பெனிகள் பூஜை போட்டு அந்த வருஷத்து விலைப்பட்டியலை வெளியிட்டபோது பார்ட்டிக்கு லேபிள் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. முதல் தடவையாக அஷ்ஃபாக் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு ஊர் வந்தான். யாருடைய பையிலும் கை விடாமல் ஒரு வேலை செய்துவிட்டோம் என்ற நினைப்பு. அந்தச் சந்தோஷம் ஆடி முடிகிறவரை இருந்தது.

ஆவணியில் அன்பரசன் அவனை ஏழாயிரம்பண்ணைக்கு அனுப்பினார். லேபிளில் கலர் லேசாக மாறியிருக்கிறது என்று கம்பெனியில் குறை சொன்னார்களாம், நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். காய்ந்த காட்டுக்கு நடுவில் தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகள். வாசலில் வாட்ச்மேன் போனை வாங்கி வைத்துக்கொண்டார். பயர் ஆபீஸ் என்று அங்கே சொல்கிற பட்டாசு ஆலைக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, அங்கே வேலை பார்க்கிற பெண்களும் காலையில் வேனை விட்டு இறங்கியதும் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சட்டைப் பை காலியானதும் அஷ்ஃபாக்குக்கு ஒரு பக்கம் எடை குறைந்த மாதிரி நடையே கோணியது.

லேபிள் ஒட்டுகிற அறையில் மாரித்தாய் என்றொரு பெண் தரையில் சம்மணமிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்தது மத்தாப்புப் பெட்டி இல்லை. விரல் நீள வெடிகள். ஒவ்வொன்றிலும் மின்னல் பாப்பாவைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இது மத்தாப்புக்குப் போட்ட படமாச்சேம்மா" என்றான்.

"மத்தாப்புக்கும் இருக்கு, வெடிக்கும் இருக்குய்யா. படம் நல்லாருக்குன்னு மொதலாளி எல்லாத்துக்கும் போடச் சொல்லிட்டாக." அவள் ஒரு வெடியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "திரி சரியா நெத்திகிட்ட வருது பாருங்க. புள்ள கண்ணத் தெறந்து நம்மளயே பாக்குறா. மொத நா எனக்குக் கையே வரல. பெறகு பழகிருச்சு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அஷ்ஃபாக் கலரைப் பார்க்க மறந்து வெளியே வந்தான். பின்பக்கத்துப் பொட்டலில் மாதிரிக்கு ஒன்றை வெடித்துக் காட்டினார்கள். சத்தம் நன்றாக இருந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். காற்றில் வந்த காகிதத் துணுக்கு ஒன்று அவன் செருப்பின்மேல் விழுந்தது. அதில் ஒரு கண் இருந்தது. அவன் அதைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் வாசலில் போனைத் திருப்பி வாங்க மறந்து அவன் நடந்துபோக, வாட்ச்மேன் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தார்.

மறுநாள் அன்பரசனிடம் போய் நின்றான்.

"அண்ணாச்சி, அந்தப் படத்த வெடிக்குப் போட வேணாம்னு பார்ட்டிகிட்டச் சொல்லுங்க."

"ஏன், என்னாச்சு?"

"கொழந்த மொகம், அதான்" என்றான்.

"தம்பி, சாமி படத்தையே வெடியில சுத்துற ஊரு இது. அச்சாயி, லேமினேஷன் ஆயி, லோடு போயிருச்சு. இனி என்ன செய்ய?" அன்பரசன் மேஜை இழுப்பறையைத் திறந்து வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளை எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் மின்னல் பாப்பா. ஒன்றில் இடது பக்கம் பார்த்தாள், ஒன்றில் பச்சைச் சட்டை, ஒன்றில் கையில் துப்பாக்கி. "இதப் பாரு. அதுக்குள்ள நாலஞ்சு பேரு அடிச்சிட்டான். ஓடுற படத்தத்தான்லே காப்பி அடிப்பான். சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு."

துப்பாக்கி வைத்திருந்த ஹஸ்னாவை அஷ்ஃபாக் பார்த்துக்கொண்டே நின்றான். பயந்து பயந்து காத்த மனுஷனுக்குப் பயந்தது நடக்கும்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

சுமைராவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், சாத்தூர் ரோட்டுக் கடையில் பட்டாசுப் பெட்டி வாங்கிய பக்கத்து வீட்டு முருகேஸ்வரி அதை மாடிப்படியில் வைத்துவிட்டுச் சாவி தேடியிருக்கிறாள். தாயின் கண்ணுக்கு ஊதாச் சட்டையும் மின்னல் சடையும் எம்மாத்திரம். சுமைரா சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அது நம்ம புள்ளதான?"

அவன் தலையை ஆட்டினான்.

"மத்தவுக படத்த எடுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னீக. சரி, நம்ம புள்ள மொகம் எம்புட்டுப் பேரு கையில இருக்குன்னு இப்பச் சொல்லுங்க பாப்போம்."

"நான் மத்தாப்புக்குத்தான் சுமைரா குடுத்தேன்."

"எடுங்க. எங்கெங்க இருக்கோ எல்லாத்தையும் எடுங்க. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீக."

எடுப்பது எப்படி? அச்சாபீஸில் அவன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவனுக்கு, தன் படம் யாருக்குச் சொந்தம் என்று தெரியவில்லை. சுமைராவின் தம்பி ஃபரீத் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான். அவனிடம் போனான்.

ஃபரீத் பொறுமையாகக் கேட்டான். "கேஸ் போடலாம் மச்சான். ஆனா படம் உங்களதுன்னு எப்படிச் சொல்லுவீக? எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாக. எம் மக போட்டோவ வச்சு வரைஞ்சேன்னு போட்டோவக் காட்டணும். பேரச் சொல்லணும். பேப்பர்காரன் சும்மா இருப்பானா? பட்டாசுப் பெட்டியில இருக்குற சிறுமி இவதான்னு போட்டு விட்டுருவான்."

"சொல்லாம எடுக்க முடியாதா?"

"சொல்லாம எப்படி மச்சான் நம்மதுன்னு கேக்குறது?"

அதுதான் முடிச்சு. என்னுடையது என்று சொன்னால், யாருடைய முகம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முகம் போகிற இடத்துக்கெல்லாம் போகும். இப்போதைக்கு அது ஒரு படம்தான், அதற்கு ஊர் இல்லை, பேர் இல்லை. அந்த ஒரு காரியம் கெட்டுப்போகாமல் இருந்தால் போதும் என்று எண்ணிக்கொண்டே திரும்பினான். பள்ளிக்கூட வாசலில் ஹஸ்னாவை அழைக்க நிற்கும்போது யாராவது அவளை இரண்டாம் தரம் பார்த்தால்கூட நடுவில் போய் மறைத்து நின்றான். அவளை வேறு மாதிரிச் சடை போட்டுக்கொள்ளச் சொன்னான். ஏன் அத்தா என்று கேட்டாள். வெயிலுக்கு நல்லது என்றான்.

புரட்டாசியில் அந்த வீடியோ வந்தது. எவனோ ஒருத்தன் பெட்டியில் இருந்த மின்னல் பாப்பாவை போட்டோ எடுத்து, படத்தைப் பேச வைக்கிற ஆப் ஒன்றில் போட்டிருந்தான். பாப்பா வாயைத் திறந்து, பிஞ்சுக் குரலில், காதில் கேட்க முடியாத கெட்ட வார்த்தைகளாகப் பேசினாள். ஊரே சிரித்தது. அடுத்தவன் அவளை இன்னொரு மாதிரிப் பேச வைத்தான். ஒரு சாயங்காலத்துக்குள் அது அஷ்ஃபாக்குக்கே பல குரூப்புகளிலிருந்து வந்துவிட்டது. அச்சாபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சத்தமாக வைத்துக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அஷ்ஃபாக் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். அந்த ஆப்பை அவன்தான் போன வருஷம் சேனலில் புகழ்ந்து பேசியிருந்தான். நம் கையில் இருக்கிற போனிலேயே இவ்வளவும் நடக்குது பாருங்க என்று கண் விரியச் சொல்லியிருந்தான்.

அத்தோடு விட்டார்களா என்றால், இல்லை. கேம் ஆடுகிற கூட்டம் வேட்டையில் இறங்கியது. இந்தப் பொண்ணு எந்த கேமில் வருகிறாள், கண்டுபிடிப்பவன் கெட்டிக்காரன் என்று ஒருத்தன் போட்டிக்கு அழைக்க, ஆளாளுக்குத் தேடினார்கள். அவர்களைப் பற்றி அஷ்ஃபாக்குக்கு நன்றாகத் தெரியும். ஒரு கேமில் மூலையில் கிடக்கிற கல்லை வைத்து அது எந்த நாட்டு மலை என்று கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். அந்தத் திறமையை அவன் எத்தனையோ தடவை மெச்சியிருக்கிறான்.

ஒருநாள் மத்தியானம் காரியாபட்டியிலிருந்து முனியராஜ் கூப்பிட்டான். அங்கே போன் கவர், சார்ஜர் விற்கிற கடை வைத்திருப்பவன். 'அஷ்ஃபாக் சொன்னா' வீடியோ ஒன்றுவிடாமல் பார்க்கிற பக்தன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. ஒங்க பழைய வீடியோ ஒண்ணுல பாப்பா டேப்லெட் பெட்டியப் பிரிக்குமே. இந்த மின்னல் பாப்பாவப் பாத்ததும் எனக்கு அதுதான் ஞாவகம் வந்துச்சு. அதே சிரிப்புண்ணே."

அஷ்ஃபாக் போனோடு எழுந்து வெளியே வந்தான். "யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்லண்ணே. ஒங்ககிட்டக் கேட்டுட்டு கமெண்ட்ல போடலாம்னு இருந்தேன். கண்டுபிடிச்சவன் நான்னு வரட்டுமேன்னு."

"போடாத முனியராஜ். அது எம் மக இல்ல. போடாத."

முனியராஜ் சரி என்றான். அவன் சொன்னால் சொன்னபடி இருப்பான். ஆனால் ஒரு முனியராஜுக்குத் தோன்றியது இன்னொருத்தனுக்கு ஏன் தோன்றாது? அஷ்ஃபாக் அந்தப் பழைய வீடியோவைச் சேனலிலிருந்து தூக்கினான். ஹஸ்னா தலை தெரிகிற வீடியோ எல்லாவற்றையும் தூக்கினான். தூக்கத் தூக்கப் பயம் கூடியது. எத்தனை பேர் இறக்கி வைத்திருப்பார்களோ, முன்பு வெட்டி ஒட்டிய அந்த சேனல்காரன் தன்னிடம் ஒன்று வைத்திருப்பானோ. திடீரென்று இவன் ஏன் வீடியோவைத் தூக்குகிறான் என்று எவனாவது கேட்டால் அதுவே துப்பாகிவிடும். கெட்ட வார்த்தை பேசுகிற பொம்மைக்கு ஊர் விருதுநகர் என்றும், பேர் ஹஸ்னா என்றும், படிக்கிற பள்ளிக்கூடம் இன்னது என்றும் வந்துவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளை எங்கே போகும்? தேடுகிறவர்களைத் தேடாதே என்று சொல்ல முடியாது. அவர்கள் தேடுவதை நிறுத்த ஒரே வழி, விடையைக் கொடுத்துவிடுவதுதான். உண்மையான விடையைக் கொடுக்க முடியாது. பொய் விடை ஒன்று வேண்டும், யார் சொன்னால் எல்லோரும் நம்புவார்களோ அவன் அதைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வந்து, ஹஸ்னா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கேமரா முன்னால் உட்கார்ந்தான். சுமைரா அடுப்படியில் இருந்தாள். என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாது.

"எல்லாரும் மின்னல் பாப்பா யாருன்னு தேடுறீக. நான் சொல்றேன். அந்த லேபிள் போட்டது நான்தான். அது எம் படம் இல்ல. கொரியாவுல ஒரு சின்ன கம்பெனி ஒரு கேம் பண்ணிக்கிட்டு இருக்காக, இன்னும் வெளிய வரல. அதோட மாதிரிப் படம் நெட்ல கொஞ்ச நாள் கெடந்துச்சு, பெறகு எடுத்துட்டாக. அத நான் எடுத்து, முகத்தத் திருப்பி, கலர மாத்திப் போட்டேன். கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், சொன்னா எனக்குத்தான் கேஸு. அடுத்தவுக பொருள எடுக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட இத்தன வருசமாச் சொன்னேன். நான் எடுத்தேன். எங்கிட்ட அந்த ஒழுக்கம் கெடையாது. மன்னிச்சிருங்க."

சொல்லும்போது குரல் உடைந்தது. பார்த்தவர்கள் அதைக் குற்றவுணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்கு வலித்தது அதுதான். ஒருத்தனாவது, அஷ்ஃபாக் அப்படிச் செய்கிற ஆள் இல்லையே என்று எழுதுவான் என்று உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்திருந்தான் போலிருக்கிறது. சிவகாசிக்காரன்தானே, பின்ன என்ன என்று எழுதினார்கள். ஊருக்கு உபதேசம் என்றார்கள். திருட்டு கேம் கேட்டு அவனிடம் வசவு வாங்கியவர்கள் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்தார்கள். இருந்த கூட்டத்தில் பெரும்பகுதி சேனலை விட்டுப் போனது. முனியராஜ் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கூப்பிடவும் இல்லை. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டதா, மனசு வெறுத்துவிட்டதா என்று அஷ்ஃபாக்குக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது.

ஆனால் தேடுதல் நின்றது. விடை தெரிந்த புதிரை யார் தேடுவார்கள்? ஒரு வாரத்துக்குள் அந்தக் கூட்டம் வேறு எதையோ தேடப் போய்விட்டது. அவன் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. கொரியா கம்பெனி கேஸ் போடப்போகிறதாம் என்று சிவகாசி முழுக்கப் பேச்சாகி, காப்பி அடித்த அச்சாபீஸ்காரர்கள் ஆளுக்கு முந்திக்கொண்டு அச்சுப் பிளேட்டை அழித்தார்கள். ஏழாயிரம்பண்ணை கம்பெனியும் மிச்சமிருந்த லேபிளைக் கட்டோடு கொளுத்திவிட்டு, அவசரமாக ஒரு மயில் படத்தைப் போட்டது. உள்ளூரில் உயிரோடு இருக்கிற ஒரு பிள்ளையின் தகப்பன் காலில் விழுந்து கேட்டிருந்தாலும் நடக்காதது, இல்லாத ஒரு கொரியாக்காரனுக்குப் பயந்து நடந்தது.

அன்பரசன் அவனைத் திட்டவில்லை. நஷ்டம் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. "எல்லாரும் எடுக்குறதுதான் தம்பி. அத எதுக்கு நீ ஊரக் கூட்டிச் சொன்ன? இனி எந்தப் பார்ட்டி நம்மகிட்ட வருவான்? கொஞ்ச நாளைக்கு வராத" என்றார். கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாளிலிருந்து அஷ்ஃபாக் அத்தாவின் பருப்புக் கடையில் உட்கார்ந்தான். அதுவரை மகனைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த முகம்மது நூகு, அந்தச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மகன் திருடினான் என்று அவரும் நம்பிவிட்டார். அவரிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று அஷ்ஃபாக்குக்கு வாய் வரை வந்தது. கடையில் நாலு பேர் வந்துபோகிற இடம், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறினால் என்ன ஆகும் என்று விழுங்கிக்கொண்டான்.

சுமைரா அவனோடு பேச ஆரம்பித்தாள். எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, ஒருநாள் சோறு போடும்போது, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கிறீகளா" என்று கேட்டாள், அவ்வளவுதான். அவன் ஊற்றச் சொன்னான். அவள் கண் கலங்கியிருந்ததை இருவரும் கண்டுகொள்ளவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஹஸ்னா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் சுமைராவின் போன். எவளோ சிநேகிதி வீட்டில் பேச்சுக் கேட்டுவிட்டு வந்து, அவன் மன்னிப்புக் கேட்ட வீடியோவை அவளாகவே தேடிப் பார்த்திருக்கிறாள். போனை எப்படித் திறப்பது, எப்படித் தேடுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

"அத்தா, அப்ப மின்னல் பாப்பா நான் இல்லையா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கில் விடை தப்பாக வந்தால் எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள். இந்த ஒரு ஆளிடம் என்ன சொல்வது என்று அவன் யோசித்தே வைத்திருக்கவில்லை. ஊர் முழுக்கப் பொய் சொன்னவன், நீதான் அது என்று இவள் காதில் மட்டும் சொல்லிவிடலாமே என்று நினைத்தான். எட்டு வயசுப் பிள்ளை. ரகசியம் என்று ஏற்கனவே ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தாள். நாளைக்குச் சிநேகிதி ஏதாவது சொன்னால், இல்லை, அது நான்தான் என்று ஒரு வார்த்தை வந்துவிடும். கெட்ட வார்த்தை பேசிய அந்த வாயும் தன்னுடையதுதான் என்று இவளுக்கும் தெரிந்துவிடும்.

"இல்லம்மா" என்றான்.

"நான் ஹெட்போன் போட்டுக்கிட்டுச் சிரிச்சேனே, அது?"

"அது சும்மா வெளையாட்டுக்கு எடுத்தது. இது வேற புள்ள."

ஹஸ்னா போனை அணைத்துத் தரையில் வைத்தாள்.

"அந்தப் புள்ளையோட அத்தாகிட்டக் கேட்டுட்டு எடுத்தீகளா?"

அஷ்ஃபாக் அவளைப் பார்த்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கலம்மா" என்றான்.

"பாவம் அத்தா அவங்க. தெரிஞ்சா எம்புட்டு அழுவாங்க" என்று சொல்லிவிட்டு ஹஸ்னா எழுந்து வீட்டுப்பாடம் எழுதப் போனாள்.